நான்காவது தலை

நம்புங்கள் என்று யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், அவ்வளவுதான். அந்த வீடு இன்றும் இருக்கிறது. கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுப் பக்கம் போய் விசாரித்தால் வழி காட்டுவார்கள். ஆனால் உங்களோடு வீட்டுக்குள் வர மாட்டார்கள்.

என் பெயர் சுமித்ரா. சொந்த ஊர் இலங்கையில் ஹட்டன். எங்கள் திருச்சபை என்னைக் கொல்லிமலைக்கு ஊழியத்துக்கு அனுப்பி அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஊழியம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீடு வீடாகப் போவேன். புண்ணுக்கு மருந்து கட்டுவேன். காய்ச்சல்காரர்களை ஆஸ்பத்திரிக்குத் துரத்துவேன். கேட்டால் மட்டும் ஜெபம். அதில் எனக்கு ஒரு முறை உண்டு. எல்லோரும் கண்ணை மூடி வரிசையாக உட்கார வேண்டும். நானும் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு தலையிலும் கை வைத்துப் பெயர் சொல்லி ஆசீர்வதிப்பேன். கூச்சத்தில் பெயர் சொல்லாத பிள்ளைகளுக்கு நானே ஏதாவது ஒரு வேதாகமப் பெயரை வைத்துவிடுவேன். களுக்கென்று சிரிப்பார்கள். உடனே சொந்தப் பெயர் வந்துவிடும்.

அன்று கடைசி வீடு கருப்பண்ணனுடையது. மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். மகள் கலைச்செல்விக்கு எட்டு வயது. மூன்று நாளாகக் காய்ச்சல். தொட்டால் சுட்டது. கண்கள் செருகிக் கிடந்தன.

பாயின் ஓரத்தில், பாதி தரையில் படுத்திருந்தாள். குளிருமே என்று நடுவில் இழுத்துப் படுக்க வைத்தேன். மெல்ல ஊர்ந்து மறுபடி ஓரத்துக்கே போனாள்.

"நடுவில் படு, கண்ணு."

"எடமில்லீங்க" என்றாள்.

காய்ச்சல் பிதற்றல் என்று விட்டுவிட்டேன்.

"இப்பவே செம்மேடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், அண்ணா."

"நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்றார் கருப்பண்ணன்.

"நாளைக்குப் பிள்ளை இருக்க மாட்டாள்."

அவர் தலை குனிந்தார். ரோட்டிலிருந்து ஹாரன் சத்தம். பேளுக்குறிச்சியிலிருந்து மலைக்கு மளிகைச் சரக்கு கொண்டுவரும் ரியாசுதீன், தன் வேனில் எனக்காகக் காத்திருந்தார்.

"ஏனுங்க சிஸ்டர்! உங்க சாமிகிட்டச் சொல்லி இந்தப் பனிய ஒரு அரை மணி நேரம் நிறுத்தி வெப்பீங்களா? இல்லீன்னா வாங்க! ரோடு மறைஞ்சுட்டே வருது!"

கருப்பண்ணன் மனம் இறங்கினார். "ஒரு ஜெபம் பண்ணிருங்க. அப்பறம் தூக்கிட்டுப் போயிரலாம்."

அதுவரை வாயே திறக்காத அவர் மனைவி பானுமதி என் கையைப் பிடித்தாள். "ஜெபம் பண்ணுங்க. கண்ண மட்டும் மூட வேண்டாமுங்க, சிஸ்டர்."

"ஏன்?"

அவள் பாய்க்குப் பின்னால் இருந்த சுவரையே பார்த்தாள். என் முறையை நான் மாற்றிக்கொள்ளவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

மணி 6.40. கரண்ட் போனது. இருட்டு. ஓடுகளிலிருந்து பனி சொட்டும் சத்தம்... டொக்... டொக்...

கண்ணை மூடினேன். முழங்காலில் நகர்ந்தபடி கை வைத்தேன். கருப்பண்ணன். சொரசொரப்பான முடி. அடுத்தது பானுமதி. எண்ணெய்ப் பிசுக்கு. அவள் மேல் சாய்ந்திருந்த கலைச்செல்வி. கொதித்தது.

ஆமென் சொல்லக் கையை எடுத்தேன். கை இன்னொரு தலையில் பட்டது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

கலைச்செல்வியின் உயரம்தான். ஆனால் சில்லென்றிருந்தது. முடிக்குள் ஏதோ ஈரமாக நெருடியது.

"பேர் என்ன, கண்ணு?"

பதில் இல்லை.

மூச்சுச் சத்தமும் இல்லை...

வழக்கம்போல நானே சொன்னேன். "ஆண்டவரே, உம் பிள்ளை சாமுவேலை ஆசீர்வதியும்."

சிரிப்பு வரவில்லை.

கைக்குக் கீழே அந்தத் தலை... மெல்ல நிமிர்ந்தது.

"சிஸ்டர்..." பானுமதி கூப்பிட்டாள். "யாருங்க சாமுவேலு?"

கண் திறந்தேன். போன் வெளிச்சத்தை அடித்தேன்.

மூன்று பேர்தான்.

என் உள்ளங்கையில்... மண்.

ஈரமான செம்மண்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினோம். கருப்பண்ணன் முன்னால் ஏறினார். பின் சீட்டில் பானுமதி, மடியில் கலைச்செல்வி, மறு ஓரத்தில் நான். பானுமதி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது.

மூன்றாவது வளைவில் கலைச்செல்வி கண் திறந்தாள். தெளிவான கண்.

"ஏம்மா... அவன் எதுக்கு சிஸ்டர் மடில சாஞ்சுக்கறான்?"

பானுமதி அவள் வாயைப் பொத்தினாள்.

நான் குனிந்து பார்க்கவில்லை.

என் தொடை மட்டும் மரத்துப் போயிருந்தது... ஐஸ் வைத்ததுபோல.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். ஆனால் வந்து சேரும்போதே காய்ச்சல் இறங்க ஆரம்பித்துவிட்டதே என்று அவருக்கும் ஆச்சரியம். கலைச்செல்வி பிழைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் போனேன். பட்டப்பகல். கலைச்செல்வி பாயின் நடுவில் கையையும் காலையும் விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பானுமதி டீ கொடுத்தாள். கேட்காமலே சொன்னாள்.

"இவ ஒத்தைப் புள்ளையாப் பொறக்கலீங்க, சிஸ்டர். ரெட்டை. பையன் மொதல்ல வந்தான். அழுவவே இல்ல. பேரு வெக்கறதுக்கு முன்னாலயே... இந்தச் செவுத்துக்கு அந்தாண்டதான் பொதைச்சோம்."

டீயைக் கீழே வைத்தேன். "ஆனால்... நான் தொட்டது பெரிய பிள்ளை."

"ஆமாங்க" என்றாள் சாதாரணமாக. "இவ கூடவேதான வளந்தான். ஒரே பாயிலதான் படுப்பான். இப்பத்தான், இவளையும் கூட்டிட்டுப் போகணும்னு நின்னான். பேரு வெச்சவங்கள விட்டுப் போகாதும்பாங்க. நாங்க வெச்சா இங்கயே தங்கிருவான்னு எட்டு வருசமா வாயத் தொறக்கலீங்க." இரண்டு கையையும் கூப்பினாள். கண்ணில் நீர். "நீங்க வெச்சுட்டீங்க. உங்க பின்னாலயே வந்துட்டான். என் புள்ளையக் காப்பாத்திட்டீங்க, சிஸ்டர்."

எழுந்து செருப்பை மாட்டினேன். அவள் ரோடு வரைக்கும் கூடவே வந்தாள். நான் வேனில் ஏறியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் பக்கத்துக் காலி சீட்டை ஒரு தாய் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ராத்திரில வெளக்க மட்டும் அமத்திராதீங்க, சிஸ்டர். இருட்டுன்னா அவன் பயந்துக்குவான்."