கட்ட மறந்த தாடை

நாரின் என்ற மலைப்பகுதியில் இருந்த அந்த ஊரில் எந்தப் பெண் இறந்தாலும் குளிப்பாட்ட அயிம்கானைத்தான் கூப்பிடுவார்கள். சாவுக்கு வரும் கூட்டத்தை அதட்டி மேய்க்கவும் அவள்தான். ஓரகத்தி சைகல் இறந்தபோது கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கண்களை மூடிவிட்டாள். அடுத்து தாடையைக் கட்ட வேண்டும். வெள்ளைத் துணியைக் கையில் எடுத்த நேரம், உடலைக் கிடத்தும் சாவுக் கூடாரத்தை எங்கே போடுவதென்று வெளியே ஆண்களின் சண்டை. துணியைப் போட்டுவிட்டு வெளியே போனாள்.

"வாசலை ரோட்டுப் பக்கமா வைக்கிறீங்க? அவளுக்குத் தூசி ஆகாது. திருப்புங்கய்யா!"

அதோடு விட்டாளா? சாவு விருந்துக்கு எந்தக் குதிரையை அறுப்பது, தேநீர் கொதிக்க யார் வீட்டு சமோவார், எல்லாவற்றுக்கும் அவள் குரல்தான். மதியம் திரும்பி வந்தபோது சைகலின் வாய் திறந்தபடியே இறுகியிருந்தது. துணியைச் சுற்றி இழுத்துப் பார்த்தாள். கட்டை போலிருந்தது.

மாஸ்கோவில் வேலை பார்க்கும் சைகலின் மகள் சல்தனத்துக்காக அடக்கம் காத்திருந்தது. ஆகஸ்ட் வெயில். கூடாரச் சுவரின் கம்பளத்தை அடியிலிருந்து மேலே சுருட்டிக் காற்று விட்டார்கள். ஒப்பாரி வைத்த பெண்கள் திறந்த வாயைப் பார்த்தார்கள்.

"மகளே மகளேன்னு கூப்பிட்டே போயிட்டா, பாவி!"

அயிம்கான் மறுக்கவில்லை.

மறுநாள் மாலை வந்து சேர்ந்த சல்தனத்தின் காதிலும் அதுதான் விழுந்தது. விடியும்வரை தாயின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலையில் குளிப்பாட்டும்போது தாடை தானாகவே தளர்ந்திருந்தது. அயிம்கான் மெல்லத் தள்ளியதும் மூடிக்கொண்டது. செம்பு பிடித்திருந்த பெண் சிலிர்த்தாள்.

"பார்த்தியா, மக வந்ததும் மூடிட்டா!"

உடலைப் புரட்டியபோது முதுகெல்லாம் கருநீலம். சல்தனத் பதறினாள்.

"பெரியம்மா, யாரு அடிச்சா?"

"யாரும் இல்லடி. ஓட்டம் நின்னா ரத்தம் அடியில போய்த் தேங்கிடும். எல்லாருக்கும் அப்படித்தான்."

"அப்ப வாய்? அதுவும் எல்லாருக்குமா? இல்ல, நான் வரலைன்னுதானா?"

செம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஊரே சொல்லிவிட்டது, தலையாட்டினால் போதும். அயிம்கானால் முடியவில்லை.

"உங்கம்மா யாரையும் கூப்பிடல. தூக்கத்துலயே போனா. உடனே கட்டியிருந்தா வாய் மூடியிருக்கும். நான் கூடாரத்துக்கு வாசல் பார்க்கப் போயிட்டேன். அதுக்குள்ள விறைச்சிடுச்சு. இன்னிக்கு விறைப்பு விட்டுடுச்சு. அவ்வளவுதான்."

"ராத்திரி முழுக்க நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேனே. அப்ப ஏன் சொல்லல?"

"வெட்கமா இருந்துச்சு."

சல்தனத் செம்பை வாங்கினாள். தாயின் காலில் தண்ணீர் ஊற்றினாள்.

அடக்கம் முடிந்ததும், வழக்கப்படி, குளிப்பாட்டியவர்களுக்கு இறந்தவளின் துணிகளைப் பங்கிட்டார்கள். அயிம்கான் கை நீட்டவில்லை. சைகலின் வெள்ளைத் தலைத்துணியைச் சல்தனத்தே கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள்.

"வெச்சுக்கங்க. இனிமே சாவு வீட்டுக்குப் போனா இதால முதல்ல தாடையைக் கட்டுங்க. கூடாரத்தை ஆம்பளைங்க எங்கயாவது போட்டுக்கட்டும்."

திட்டினாளா, மன்னித்தாளா என்று தெரியவில்லை. அயிம்கான் துணியை மடித்தாள். மடிப்பு கோணலாக விழுந்தது.