அக்கா கடலை விசாரித்த நாள்

மாலைதீவில் நான் வேலை செய்யும் தீவில் 'மேலே' என்று ஓர் இடம் கிடையாது. வந்த புதிதில் எனக்கு இது உறைக்கவில்லை. கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் "ஐ கோ அப்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போவேன். என்னோடு அறையில் இருந்த பங்களாதேஷ்காரர் கூரையை அண்ணாந்து பார்ப்பார். ஒருநாள் வாளியும் தேய்க்கிற பிரஷும் கொண்டுவந்து கையில் கொடுத்தார். கூரையில் இருக்கும் தண்ணீர்த் தாங்கியைக் கழுவத்தான் நான் தினமும் போகிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தத் தீவின் ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும். தென்னைமரத்தைத் தவிர உயரமான ஒன்று இல்லை. நான் பிறந்த பொகவந்தலாவை இலங்கையின் தேயிலை மலையில் இருக்கிறது; அங்கே உலகமே மேலும் கீழும்தான். தோட்டத்தில் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன், தொழிலாளர் வரிசை வீடுகளில் மேல் லயம், கீழ் லயம். தண்ணீர் எடுக்கக் கீழே, கொழுந்து எடுக்க மேலே, பஸ் பிடிக்க மறுபடி கீழே.

இங்கே படகு ஓட்டும் கேப்டன் ஹசனுக்கு என்னைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. "நீயும் தீவுக்காரன், நானும் தீவுக்காரன். உனக்கு ஏன் நீந்தத் தெரியாது?" என்று கேட்பார். முதன்முதலில் கடலைப் பார்த்தபோது எனக்குப் பதினாறு வயது என்று சொன்னேன். நான் சிறையில் இருந்தவன் என்று முடிவு செய்துகொண்டு, அதற்குமேல் கேட்பது மரியாதையில்லை என்பதுபோல் தோளில் தட்டினார். எங்கள் தீவின் நடுவில் மலைகள் இருக்கின்றன, அங்கே கடலைப் பார்க்காமலே பிறந்து வேலை செய்து செத்துப்போகிறவர்கள் உண்டு என்பதை அவருக்கு விளங்கவைக்க எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கொழும்பில் தேத்தண்ணிக் கடையில் சேர்ந்து, முதல் ஞாயிறு காலிமுகத்திடல் கடற்கரைக்குப் போனேன். கடல் படுத்துக் கிடப்பதாகவே எனக்குத் தெரியவில்லை. எதிரில் ஒரு நீல மலை ஏறி நிற்பதாகத்தான் தெரிந்தது. உச்சியில் ஒரு கப்பல். அது ஏன் உருண்டு கீழே வரவில்லை என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதன்பிறகு புத்தளத்தில் உப்பு வாரினேன். லொறியில் வவுனியா வரை மூட்டை ஏற்றி இறக்கினேன். கடைசியில் கடல் தாண்டி இங்கே வந்து, விருந்தினர் விடுதி ஒன்றில் தோட்டம், சமையலறை, மோட்டார் என்று கைக்கு வந்ததைச் செய்கிறேன். ஓரிடத்தில் நிற்காத கால் எனக்கு. எங்கள் வீட்டில் அந்தக் கால் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். என் அக்கா பாக்கியம் லயத்தைவிட்டு அதிக தூரம் போனது ஹட்டன் ஆஸ்பத்திரிக்கு. அத்தான் கொழுந்து மலையில் குளவி கொட்டி இறந்தபிறகு, தனியாகக் கொழுந்து பறித்து மகள் தர்ஷினியைப் படிக்கவைத்தார். தர்ஷினி கணக்கு டீச்சரானாள். எங்கள் லயத்தில் முதல் டீச்சர் அவள்தான்.

போன வருடம் நான் லீவில் போயிருந்தபோது, இங்கே பக்கத்துத் தீவுப் பள்ளிக்கூடம் ஒன்று தர்ஷினியை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. என் லீவு முடிவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். தர்ஷினிக்கு வர ஆசை. அக்கா ஒரே சொல்லில் முடியாது என்றார். நான் இருக்கிறேன், என் தீவிலிருந்து இரண்டு மணிநேரப் படகுப் பயணம்தான் என்று சொன்னேன். படகு என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவின் முகம் இன்னும் இறுகியது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ரொட்டி சுட்டுக்கொண்டே சொன்னார்.

"பொண்ண குடுக்குறதுன்னா வீடு பாக்காம குடுப்பாங்களா? தண்ணி எங்க, கூரை ஒழுகுதா, ஆளு எப்படின்னு போய் பாக்குறோம்ல?"

"அம்மா, நான் படிச்சுக் குடுக்கத்தான் போறேன். கட்டிக்கிட்டுப் போகல" என்றாள் தர்ஷினி.

"எதுக்குப் போனாலும் அந்தக் கடலுக்கு நடுவுலதானடி குடியிருக்கப் போற. அது எப்பேர்ப்பட்டதுன்னு நான் பாக்கணும். புடிச்சா போ. புடிக்கலேன்னா அப்புறம் பேச்சு இல்ல. தம்பி, நீயும் கேட்டுக்க."

தோட்டங்களில் மாப்பிள்ளை வீடு பார்க்கும் முறை வெளியாட்களுக்குத் தெரியாது. சொல்லாமல் கொள்ளாமல் போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் நல்லதைத்தான் சொல்வார்கள் என்பதால் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். பிடித்துப்போனால் மட்டும் தாம்பூலத்தட்டை வெளியே எடுக்க வேண்டும். மூன்று பேராய்ப் போகக்கூடாது. அக்கா இதில் ஒன்றையும் விடவில்லை. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், எங்கள் தோட்டத்துத் தேயிலை ஒரு பொட்டலம் எல்லாவற்றையும் தட்டில் வைத்துத் துணியால் மூடிக்கொண்டார். நான்காவது ஆளாக, பஸாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும், அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடும் ஃபாரூக் தன் வேனை எடுத்துக்கொண்டு வந்தார்.

"மாப்பிள்ளைக்கு என்ன வயசு தங்கச்சி?" என்று வழியில் கேட்டார்.

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க நானா."

"இல்ல, ரொம்ப மூத்த மாப்பிள்ளையா இருக்குமேன்னு கேட்டேன். குளிக்கக்கூட வெளிய வரத் தேவையில்லாத ஆளு."

தர்ஷினி பின் சீட்டில் சேலை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. தட்டை மடியில் வைத்துப் பிடித்தபடி நீர்கொழும்புக் கடற்கரை வரை வந்தார்.

மணலில் இறங்கியதும் நாங்கள் நடந்த விதத்தைப் பார்த்து அங்கே பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். எத்தனை பேர் வேண்டுமானாலும் கைகோர்த்து நடக்கக்கூடிய அகலக் கடற்கரையில், அக்கா முன்னால், தர்ஷினி அடுத்து, நான் கடைசி என்று ஒருவர் பின் ஒருவராக வரிசையில் போனோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓர் ஆள் போகத்தான் வழி இருக்கும். அப்படியே நடந்து பழகிய கால்கள். ஃபாரூக் நானா மட்டும் பக்கவாட்டில் தனியாக நடந்து வந்தார்.

அக்கா நின்றார். வெகுநேரம் பார்த்தார். "ஏறிக்கிட்டே போகுதே" என்றார். பதினாறு வயதில் நான் பார்த்ததும் அதே மலையைத்தான். அது உண்மையில் தட்டைதான் என்று நான் சொல்லவில்லை. பிறகு அலைகளைக் கையால் காட்டினார். "பாரு, நெரை நெரையா வருது. யாரும் ஒரு நெரையையும் முடிக்கிறதில்ல." நெரை என்றால் ஓர் ஆளுக்குப் பறிக்கக் கொடுக்கும் செடி வரிசை. கடலை வேலையிடமாகப் பார்த்த முதல் ஆள் என் அக்காவாகத்தான் இருக்கும்.

பிறகு விசாரிக்க ஆள் தேடினார். கொஞ்சம் தள்ளி ஒரு பெண் கயிற்றுப் பாயில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார். அக்கா வயதுதான். அக்கா கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்து மீனைத் திருப்பிப் போடத் தொடங்கினார். கொழுந்து பறிக்கும் கை சும்மா இருக்காது. இரண்டு கையும் தனித்தனியாக ஓடியதைப் பார்த்து அந்தப் பெண் வேலையை நிறுத்திவிட்டார். தேயிலைத் தோட்டமா என்று கேட்டார். ஆமாம் என்றார் அக்கா. பேச்சு சிங்களத்தில்தான் நடந்தது. அக்காவின் சிங்களம் பஸாரில் கற்றது. நான் அதை எங்கள் பேச்சில் தருகிறேன்.

"ஆளு எப்படி? கோவக்காரனா?" என்று அக்கா நேரடியாகக் கேட்டார்.

"குடிச்சாத்தான் கத்துவான். அடிக்க மாட்டான்."

"உங்க வீட்டுக்காரர கேக்கலங்க" என்று நான் குறுக்கிட்டேன். "கடல கேக்குறாங்க."

அந்தப் பெண் சிரித்ததில் பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "அதுவும் அதே கதைதான். வாரகன்ல கிட்டப் போகக்கூடாது. மத்த நாள்ல சோறு போடும்." தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களை அவர்கள் வாரகன் என்கிறார்கள்.

"உங்க ஆளுங்கள எடுத்திருக்கா?"

"எந் தம்பிய எடுத்துச்சு. அவன் போன போட்டு மட்டும் கரைக்கு வந்துச்சு."

அக்காவின் கை நிற்கவில்லை. ஒரு வரிசை மீனைத் திருப்பி முடித்துவிட்டுத்தான் பேசினார். "எங்க வீட்டுக்காரர குளவி எடுத்துச்சு. கொழுந்து மலையில."

"அப்புறமும் அந்த மலைக்குப் போனீங்களா?"

"போகாம? அதே மலைதான். இன்னைக்கும் அங்கதான் பறிக்கிறேன்."

அந்தப் பெண் தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒருமுறை நுவரெலியாவுக்குக் கூட்டிப் போனார்கள் என்றார். பஸ் ஜன்னலில் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, போய்ச் சேரும்வரை கண்ணைத் திறக்கவே இல்லையாம். அழுதுகொண்டே போனாராம். "சாமி சத்தியமா, இன்னொரு தரம் வரமாட்டேன். அங்க எப்படித்தான் நின்னு வேலை செய்றீங்களோ."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதற்குமுன் அவர் முகத்தில் கண்டதில்லை. தோட்டத்துக்காரி என்றால் பாவம் என்று சொல்லும் ஆட்களை அக்கா பார்த்திருக்கிறார். தான் நின்று வேலை செய்யும் இடத்தை நினைத்து நடுங்கும் ஓர் ஆளை, அதுவும் கடலுக்குப் பக்கத்திலேயே வாழும் ஆளை, அன்றுதான் பார்த்தார். மெதுவாக எழுந்து சேலையைத் தூக்கிச் செருகினார்.

"தர்ஷினி, வா. எறங்கிப் பாப்போம்."

இருவரும் முழங்கால் அளவு தண்ணீருக்குள் போனார்கள். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த கொழும்புக் குடும்பம் ஒன்று ஒவ்வொரு அலைக்கும் விழுந்து எழுந்துகொண்டிருந்தது. அலை திரும்பும்போது காலுக்குக் கீழே மணலை உருவிக்கொண்டு போகும். நானே எத்தனையோ தடவை விழுந்திருக்கிறேன். அக்கா விழவில்லை. மழை நாளில் சறுக்கும் மலைச்சரிவில் முதுகுச் சுமையோடு நிற்பதுபோல், கால்விரல்களை மண்ணுக்குள் ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் மேட்டுப் பக்கம் சாய்த்து நின்றார். அலை வந்தது, போனது. அக்கா அங்கேயே நின்றார். தர்ஷினி தடுமாறியபோது ஒரு கையால் பிடித்து நிறுத்தி, "வெரல ஊணுடி. மலையில நிக்கத் தெரியும்ல?" என்றார். கரையில் இருந்து அந்த மீன்காரப் பெண் கை தட்டினார்.

திரும்பி வந்து தட்டை எடுத்துத் துணியை நீக்கி, இரண்டு கையாலும் அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கோயிலுக்கு என்று நினைத்திருக்கலாம். ஆனாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல், நன்றாகக் காய்ந்த கருவாட்டில் பெரியதாகப் பார்த்து அடுக்கித் தந்தார்.

"மாப்பிள்ளை வீட்டு சீர் வந்துருச்சு" என்றார் ஃபாரூக் நானா. அப்போதுதான் அக்கா சிரித்தார்.

வேனில் ஏறியபிறகு சொன்னார், "சரி, போகட்டும். ஆனா காத்து காலத்துல போட்டுல ஏறக்கூடாது. அத நான் பாத்துக்குறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று அப்போது நான் கேட்கவில்லை. இப்போது தெரிகிறது. தர்ஷினி இங்கே வந்து ஒரு வருடமாகப் போகிறது. வெள்ளிக்கிழமை லீவு நாளில் ஹசனின் படகில் என் தீவுக்கு வந்து, சோறு தின்று, மறுநாள் திரும்புவாள். அக்கா ஒரு சின்ன ரேடியோ வாங்கி, மீனவர்களுக்கான வானிலை அறிவிப்பை ஒருநாள் தவறாமல் கேட்கிறார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், கடல் எங்கே கொந்தளிப்பு, எங்கே மிதம் என்று மற்றப் பெண்களுக்கும் சொல்கிறாராம். தேயிலை மலையில் நின்றுகொண்டு கடல் காற்றின் வேகம் பேசும் ஒரே பெரட்டு எங்களுடையதுதான் என்று நினைக்கிறேன். நான் இங்கே போனில் பொகவந்தலாவையின் மழையையும் மண்சரிவு எச்சரிக்கையையும்தான் முதலில் பார்க்கிறேன்.

போன வியாழன் அக்கா கூப்பிட்டார். "நாளைக்குக் காலி டவுனுக்கு அந்தப் பக்கம் கடல்ல காத்து பலமாம். புள்ளைய ஏறவேணாம்னு சொல்லிட்டேன்."

"அக்கா, அது அங்க. நாங்க எவ்வளவோ தள்ளி இருக்கோம். இங்க ஒண்ணுமில்ல."

"எல்லாம் ஒரே தண்ணிதான தம்பி. நான்தான் பாத்துட்டு வந்தேனே."

வெள்ளிக்கிழமை காலை ஹசன் படகோடு தனியாக வந்து இறங்கினார். "டீச்சர் ஏறவில்லை. அம்மா வேண்டாம் என்றாராம். அம்மா கடற்கரையிலா இருக்கிறார்?" என்று கேட்டார். இல்லை, மலையில் என்றேன். அவர் கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு ஏதோ யோசித்தவராய்ப் படகைக் கூடுதலாக ஒரு கயிறு போட்டுக் கட்டினார். எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் கடல் அசையாமல் கிடந்தது. தர்ஷினி அவள் தீவில், நான் என் தீவில், இரண்டு பேருக்கு வடித்த சோறு ஆறிக்கொண்டிருக்க, காற்று நின்றுவிட்டது என்று பொகவந்தலாவையில் இருந்து அக்காவின் செய்தி வரும்வரை உட்கார்ந்திருந்தோம்.