கெட்டிலில் போட்ட ஓட்டை

“முந்திரித்தோல் எண்ணெய் காய்ச்சுறதுக்குக் காலேஜ் படிப்பு எதுக்கும்மா?”

கந்தர்வக்கோட்டைப் பக்கம் உள்ள எங்கள் ஆலையில் நான் சேர்ந்த அன்று முதலாளி கேட்டது இது. கெமிக்கல் இன்ஜினியரிங் என்றேன். “அடுப்ப எரிச்சா எண்ண காயும். இதுல என்ன இன்ஜினியரிங்?” என்றார்.

எண்ணெய் காயும்போது நுரைத்து எழும். கெட்டில் என்கிற காய்ச்சும் கொப்பரையில் பாதி காலியாக இருந்தால் நுரைக்கு இடம் கிடைக்கும். எங்கள் ஆலையிலோ சீசனின் முதல் காய்ச்சலுக்கு விளிம்புவரை ஊற்றுவது வழக்கம். நான் சேர்வதற்கு முந்தைய வருடம் அது வழிந்து, விறகில் பட்டு, அடுப்பு பார்க்கும் ஆரோக்கியம் அண்ணனின் கால் வெந்துபோனது.

பாதி ஊற்றினால் போதும் என்றேன். “பொங்கப் பானைய யாராச்சும் பாதி வைப்பாங்களா?” என்றார் முதலாளி.

“பொங்கப் பானை வழிஞ்சா அடுப்பு அணையும் சார். இது வழிஞ்சா அடுப்பு எந்திரிக்கும்.”

சிரித்துவிட்டுப் போய்விட்டார். ‘பாதிக்கு மேல் ஊற்றாதே’ என்று பலகை எழுதி மாட்டினேன். சூப்பர்வைசர் அதில் சட்டையைத் தொங்கவிட்டார்.

வருடாந்திரப் பராமரிப்பு வேலைகளுக்குப் பட்டியல் எழுதினேன். துடைப்பம் வாங்குவதற்கும் பெயின்ட் அடிப்பதற்கும் நடுவில், ஏழாவதாக ஒரு வரி: கெட்டிலின் பாதி உயரத்தில் ஓவர்ஃப்ளோ பைப். படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போன நான் வீட்டாருக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். முதலாளிக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலும்.

சீசன் தொடங்கியது. சூடம் காட்டி, அடுப்பை மூட்டி, எண்ணெய் பம்பைப் போட்டார்கள். ஊற்ற ஊற்ற எண்ணெய் பாதிக்கு மேல் ஏறவில்லை. பைப் வழியாக, தள்ளியிருந்த டேங்குக்கே திரும்பிப் போனது. முந்திரி உடைக்கும் பெண்களில் யாரோ குலவை போட்டார்கள்.

“யாரும்மா இதுல ஓட்ட போட்டது?”

“நீங்கதான் சார். ஏழாவது வரி.”

சூப்பர்வைசர் துணியைச் சுருட்டி அடைக்கப் போனார். ஆரோக்கியம் அண்ணன் அசையாமல் சொன்னார்: “அடைங்க மொதலாளி. ஆனா அடச்சவரு இன்னைக்கு நான் நிக்கிற எடத்துல நிக்கட்டும்.”

முதலாளி அவர் காலைப் பார்த்தார். இரண்டடி முன்னே வந்து அந்த இடத்தில் நின்றார். அனல் முகத்தில் அடித்திருக்கும். “பாதியே இருக்கட்டும்” என்று நகர்ந்துகொண்டார்.

பலகை இருந்தால் சட்டை மாட்டலாம். பைப்பிடம் யாரும் வாக்குவாதம் செய்ய முடியாது. அன்று நான் கற்றது அவ்வளவுதான்.

இந்த வருடப் பட்டியலில் முதல் வரியிலேயே எழுதினேன்: கெட்டிலுக்கு அடியில் நெருப்பே வேண்டாம், தள்ளி வைத்த பாய்லரிலிருந்து ஸ்டீம் வரட்டும். முதலாளி இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பழைய அடுப்பின் முதல் செங்கல்லை நேற்று ஆரோக்கியம் அண்ணன் பெயர்த்தார், இரண்டாவதை நான்.