கடலாக இருந்த ஏரி

ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டுபோய் இடம் காட்டுகிற தொழிலில் வாய் ஓடுகிற அளவுக்கு அறிவு ஓடுவதில்லை. வேன் ஓட்டிப் பிழைக்கிற உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

தொலைபேசியில் ஒரு கேள்வி

நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்கான பயண விளம்பரத்தில் ஒரு ஃபியோர்ட் படம் போட்டிருந்தேன். இருபுறமும் செங்குத்தான மலை, நடுவே கருநீலத் தண்ணீர். அதைப் பார்த்து எங்கள் நகரின் அஹுன்ட்சிக் பகுதியிலிருந்து பராசக்தி அக்கா அழைத்தார். கணவரின் சாம்பல் ஆறு மாதமாக வீட்டில் இருக்கிறது. இங்கே பலரும் ஆற்றில்தான் கரைக்கிறார்கள். ஆனால் அவர் கடலோரக் காங்கேசன்துறைக்காரர். கடலில்தான் கரைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "அது கடல்தானே தம்பி?" என்று கேட்டார். ஃபியோர்ட் என்றால் கடல் உள்ளே புகுந்த இடம் என்று எங்கோ படித்த துணிவில் "ஓம் அக்கா" என்றேன்.

"அப்ப ரெண்டு சீற் போடுங்கோ. ஒண்டு எனக்கு, மற்றது அவருக்கு."

ஒரு கைத் தண்ணீர்

மூன்று நாள் ஓட்டம், ஒரு கப்பல், சதுப்பு நிலத்தில் நடை. படகுத்துறையில் அக்கா குனிந்து ஒரு கைத் தண்ணீர் அள்ளி வாயில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். உப்பில்லை.

படகோட்டி விளக்கினார், நான் வெட்கத்தோடு தமிழில் சொன்னேன். பனிப்பாறை மலையைக் குடைந்ததாம். பனி உருகியதும் கடல் உள்ளே வந்ததாம். பனியின் பாரத்தில் அமுங்கிக் கிடந்த நிலம், பாரம் நீங்கியதும் மெல்ல எழும்பி, கடல் வந்த வாசலை அடைத்துவிட்டதாம். பிறகு மழையும் ஓடைகளும் உப்பைக் கழுவிவிட்டனவாம். அக்கா ஏரியைப் பார்த்தபடி சொன்னார்.

"எங்களுக்கும் உப்பிடித்தான் தம்பி. சண்டை முடிஞ்சுது, ஊருக்குப் போவம் எண்டு வெளிக்கிட, அவருக்குக் கிட்னி பழுதாப்போச்சு."

ஏரியின் வாசல்

ஏரியிலிருந்து கடலுக்கு வழியே இல்லையா என்று படகோட்டியிடம் கேட்டேன். ஒரு சிற்றாறு போகிறது என்றார். மற்றப் பயணிகளைப் படகில் அனுப்பிவிட்டு, அக்காவோடு திரும்பி நடந்து, அவரை ஏற்றிக்கொண்டு ஆற்றின் முகத்துவாரத்துக்கு வேனை விட்டேன். அங்கே மணலைத் தாண்டி ஆறு கடலில் விழுந்தது. அக்கா மறுபடி அள்ளி வாயில் வைத்தார். உப்புத்தான் என்று தலையை ஆட்டினார். முழங்கால் அளவு நீரில் அவர் சாம்பலைக் கரைக்க, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. தெரியாமல் ‘ஓம்’ என்றதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"இனி ஊருக்குப் போக அவருக்கு வழி தெரியும், தம்பி. நீங்கள் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை."

அன்றிலிருந்து நாக்கில் வைத்துப் பார்க்காத எந்தத் தண்ணீரையும் நான் விளம்பரத்தில் போடுவதில்லை.