ஞாயிற்றுக்கிழமை மூட்டம்

கல்யாணமான ஆறாவது மாதம் நானும் கணவரும் மாமனாரும் கீரனூர்ப் பக்கத்திலிருந்து ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கே ஒரு தரிசுக் காட்டில் குடியேறினோம். கூடவே இன்னும் நான்கு கிறிஸ்தவக் குடும்பங்கள். மலிவாகக் கிடைத்த நிலம். பார்த்த பக்கமெல்லாம் சீமைக்கருவேலம். மரத்தை வெட்டிக் கரியாக்கி விற்றபடியே நிலத்தைத் திருத்தி வெள்ளாமை செய்வதாக ஏற்பாடு. கரண்டு கிடையாது. குடிக்கும் தண்ணீரைச் சைக்கிளில் கொண்டுவர வேண்டும்.

மாமனார் முதலில் போட்டது ஜெபக் கொட்டகை. எங்கள் வீட்டுக்குக் கூரை அதற்கப்புறம்தான். போதகர் எப்போதாவதுதான் வருவார் என்பதால் மாமனாரே வேதம் வாசித்தார்.

"ஞாயித்துக்கெழம யாரும் வேல செய்யக்கூடாது. இந்தக் காட்டுல ஆண்டவர விட்டா நமக்கு யாரு இருக்கா?" என்றார். யாரும் மறுக்கவில்லை. முள் குத்திச் சீழ் பிடித்த கைகளுக்கு அந்த ஒரு நாள் வேண்டியிருந்தது.

கரி மூட்டம் அப்படி விட்டுவைக்கிற வேலை இல்லை. விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, ஈரமண் பூசித் தீ வைத்தால் பல நாள் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். எங்காவது மண் வெடித்துக் காற்றுப் புகுந்தால் உடனே அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அத்தனையும் சாம்பல்.

இரண்டாம் வருஷக் கோடையில் ஒரு ஞாயிறு. மாமனார் வாசித்துக்கொண்டிருந்தபோது மூட்டத்தின் உச்சியில் புகை தடித்து எழுந்தது. என் கணவர் பாதி எழுந்தார்.

"உக்காருப்பா. ஆண்டவர் பாத்துக்குவாரு" என்றார் மாமனார்.

கணவர் என்னைப் பார்த்தார். நானும் சொன்னேன்: "உக்காருங்க. மாமா சொல்றாங்கல்ல."

உட்கார்ந்தார். ஜெபம் முடிவதற்குள் தீ வெளியே தெரிந்துவிட்டது. அவர் மண்கூடையோடு ஓடி மேலே ஏறினார். உள்ளே வெந்து குழிந்திருந்த இடத்தில் கால் வைத்ததும் முழங்கால் வரை இறங்கிவிட்டது. அந்த அலறலை என்னால் எழுத முடியாது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வராந்தாவில் நின்ற மாமனார், "ஆண்டவர் பாத்துக்குவாரும்மா" என்றார்.

"ஆமா மாமா. அன்னிக்கும் பாத்துக்கிட்டேதான் இருந்தாரு" என்றேன்.

அவர் சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

அதன்பிறகு அவர் வேதத்தைத் திறக்கவே இல்லை. அடுத்த சில ஞாயிறுகள் எல்லாரும் கொட்டகையில் வந்து உட்கார்ந்தார்கள். ஆரம்பிக்க ஆள் இல்லாமல் எழுந்து போனார்கள். ஒரு வருஷத்துக்குள் நான்கு குடும்பங்களும் போய்விட்டன. தண்ணீர் இல்லை என்றுதான் காரணம் சொன்னார்கள்.

கணவர் ஒருநாள் என்னிடம் கேட்டார், "அப்பாட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

மூட்டத்தை நான் பார்க்கத் தொடங்கினேன், எல்லா நாளும். மாமனார் எனக்கு மண் சுமந்து தந்தார். அவருக்குச் சோறு போட்டேன், காய்ச்சலில் கஞ்சி வைத்தேன். ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த வார்த்தைக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை; நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். போன வருஷம் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் படுத்தவர் எழவில்லை.

நாங்கள் திருத்திய நிலத்தின் ஓரத்திலேயே புதைத்தோம். போதகர் வந்து சேரவில்லை. கணவர் ஊன்றுகோலில் சாய்ந்து நின்று அவராகவே ஜெபித்தார். நான் கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை.