அடித்தது யார்

கோழி வெட்டும் ஆலையில் என் பக்கத்து இடம் அவளுடையது. நீண்ட எஃகு மேசை, தலைக்கு மேல் கொக்கிகளில் தலைகீழாகத் தொங்கியபடி நகர்ந்துவரும் கோழிகள், காலுக்குக் கீழே எந்நேரமும் ஈரம். இடது கையில் கம்பிவலைக் கையுறை, வலது கையில் ஒடிசலான கத்தி. நான் இறக்கையை எடுப்பேன், அவள் தொடையிலிருந்து எலும்பை உருவுவாள். இந்த வேலையில் எலும்பை வெட்டக் கூடாது. மூட்டு எங்கே இருக்கிறது என்று கட்டைவிரலால் தேடிப் பிடித்து ஒரு திருகு திருகினால் கழன்றுகொள்ளும். அவள் கத்தி வைப்பதே தெரியாது.

வாய் திறப்பதும் தெரியாது. அதனால் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் வாய்ப்பூட்டு. அப்படிக் கூப்பிட்டால் சிரிப்பாள். மேஸ்திரி கத்தினால் தலையைக் குனிந்துகொள்வாள். தெருவில் எனக்கு எதிர்வீடும் அவளுடையதுதான் என்பதால், அவள் ஏன் அப்படி ஆனாள் என்பது எனக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

அவள் புருஷன் எங்கள் ஆலைக்குக் கோழிக்கூண்டுகளை ஏற்றிவரும் லாரிக்காரன். வெளியே எல்லாரிடமும் பல்லைக் காட்டுவான். கதவைச் சாத்திவிட்டால் வேறு ஆள். சாப்பாடு ஆறியிருந்தால் ஒரு அறை, சூடாக இருந்தால் ஒரு அறை. பெல்ட், செருப்பு, கூண்டு கட்டுகிற கயிறு என்று கையில் எது கிடைத்தாலும் சரி. ஒருநாள் அவள் தலை சுவரில் மோதிய சத்தம் என் வீடுவரை கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். இது குடும்ப விஷயம், உன் சோலியைப் பார் என்றான். அவளும் உள்ளேயிருந்து, "ஒண்ணுமில்லக்கா, வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள். மறுநாள் வீங்கிய கண்ணோடு வந்து வரிசையில் நின்று எலும்பு உருவினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு நான் வெட்டிய இறக்கைகளெல்லாம் கந்தலாகிப்போயின.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்குத் தலைவலியும் காய்ச்சலும் வந்தன. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். காய்ச்சல் விட்ட பிறகு பேச ஆரம்பித்தாள். பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. கொக்கியில் வரும் கோழிகளுக்கெல்லாம் உறவுமுறை வைத்து விசாரித்தாள். குழாயில் தண்ணீர் வராததற்கு மேஸ்திரியை நிற்கவைத்துக் கேள்வி கேட்டாள். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இத்தனை வருஷம் அடக்கிவைத்தது இப்போதுதான் வெளியே வருகிறது என்று பேசிக்கொண்டோம்.

அடுத்து வந்தது அடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வழக்கம்போல் கையை ஓங்கியிருக்கிறான். அவள் அடுப்பிலிருந்த இரும்புச் சட்டியை எடுத்து முகத்திலேயே போட்டாள். மூக்கு உடைந்து, முன்பல் ஒன்று கழன்று, சட்டையெல்லாம் ரத்தமாக அவன் தெருவுக்கு ஓடிவந்தான். அவள் பின்னாலேயே வந்து முதுகிலும் தோளிலும் மாறி மாறிப் போட்டாள். அவன் குப்புற விழுந்தான். விழுந்தவனின் மேல் ஏறி உட்கார்ந்தும் அடித்தாள். வாசலில் நின்ற பெண்களில் ஒருத்திகூட விலக்கப் போகவில்லை. யாரோ கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. அவன் வாங்கியது அவனுக்குச் சேரவேண்டியதுதான்.

மறுநாள் ஆலையே அவளைக் கொண்டாடியது. கேன்டீனில் அவளுக்கு முதல் டீ. மேஸ்திரிகூடக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசினார்.

சில நாள் கழித்து அவன் மூக்கில் கட்டோடு ஆலை வாசலுக்கு என்னைத் தேடி வந்தான். என் கூட ஒரு பட்டாளமே நின்றது.

"அக்கா, அவ தூங்கறதே இல்லக்கா. செவுத்துக்குள்ள யாரோ பேசறாங்கன்னு சொல்றா. எங்க பொண்ணோட முடியக் கத்தரிச்சுப் போட்டுட்டா. அவ அப்படிப்பட்டவ இல்லக்கா. ஏதோ வியாதி. நான் கூப்ட்டா டாக்டர்கிட்ட வரமாட்டேங்கறா, நீங்க சொல்லுங்க."

"இத்தன வருஷம் நீ அடிச்சியே, அப்ப உனக்கு என்ன வியாதி?" என்று கேட்டேன்.

பட்டாளம் கொல்லென்று சிரித்தது. அவன் வாலைச் சுருட்டிக்கொண்டு போனான். நீங்களே சொல்லுங்கள், அவளுக்கு நோய் என்று முதலில் கண்டவன் அவளை இத்தனை நாள் சாக அடித்தவன். அவன் பேச்சை யார் நம்புவார்கள்? பொண்டாட்டி திருப்பி அடித்தால் அவளைப் பைத்தியம் என்று சொல்லாத புருஷன் எந்த ஊரில் இருக்கிறான்?

அந்த வாரமே கத்தி என் மேல் பாய்ந்தது. வேலை நடந்துகொண்டிருந்தது. அவள் கை நின்றுபோனதைப் பார்த்துத் திரும்பினேன். வாயில் ஒன்றும் இல்லாமலே எதையோ மென்றுகொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். "எல்லாம் நீ பண்ணின வேலைதான்" என்றாள். மேல்கையில் கத்தி இறங்கியது. உருவி மறுபடியும் குத்தினாள். என் ரத்தம் கோழி ரத்தத்தோடு சேர்ந்து சாக்கடைக்கு ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். மேஸ்திரி அவள் முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டார். கூண்டு இறக்குகிற ஆண்கள் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். ஒருவன் காலிக் கூண்டை எடுத்து அவள் முதுகில் அடித்தான். கம்பிவலைக் கையுறை போட்ட கையாலேயே அவனை ஓங்கி ஓர் அறை விட்டேன். அவன் கன்னம் கிழிந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. புருஷனை அடித்ததற்கு ஆயிரம் காரணம் இருந்தது. என்னைக் குத்த ஒன்றுகூட இல்லை. அவள் அழுத அழுகையெல்லாம் என் தோளில்தான் அழுதிருக்கிறாள். அந்த லாரிக்காரன் சொன்னது நிஜம் என்று நினைத்தபோது கையில் இருந்த வலியைவிட அது பெரிதாக வலித்தது.

போலீஸைக் கூப்பிடப் போனார்கள். குத்துப்பட்டவள் நான், நான் சொல்கிறேன், ஆஸ்பத்திரிக்கு வண்டியைக் கூப்பிடுங்கள் என்று கத்தினேன். கூண்டுக் கயிற்றாலேயே அவளைக் கட்டி ஏற்றினார்கள். எனக்கு ஒரு கட்டிலில் தையல் போட்டார்கள், அவளைப் பக்கத்துக் கட்டிலில் கையையும் காலையும் சேர்த்துக் கட்டினார்கள். அவள் ஒரு நர்ஸின் விரலைக் கடித்துவிட்டாள். மனநோய்ப் பிரிவுக்கு அனுப்பிவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வலிப்பு வந்தது. கட்டில் ஆடியது. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம்.

அப்போதுதான் ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன உருவம், தூங்காத கண். முதலில் காய்ச்சல் வந்ததா, தலைவலி இருந்ததா, பேச்சு எப்போது மாறியது என்று குடைந்து குடைந்து கேட்டார். எனக்குத் தெரியாததையெல்லாம் புருஷனை வரவழைத்துக் கேட்டார். முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வரும்வரை அவள் அசையாமல் கிடந்தாள். கையைத் தூக்கி விட்டால் தூக்கிய இடத்திலேயே நின்றது. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. நாங்கள் கேலியாக வைத்த பெயர் நிஜமாகிவிட்டது. புருஷன் அவளை மனநோய் விடுதியில் தள்ளிவிட்டு, பெண்ணைத் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட ஏற்பாடு செய்தான். அந்த விடுதிக்குள் போனால் அவள் திரும்பப் போவதில்லை, பெண்ணையும் பார்க்கப் போவதில்லை. முடிவு வராமல் அவளைத் தொட்டால் உன் இன்னொரு பல்லும் போகும் என்று சொல்லிவைத்தேன்.

முடிவு வந்ததும் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் அவள் சினைப்பையில் ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி இருந்தது. அந்த மாதிரிக் கட்டிக்குள் முடி இருக்குமாம், பல் இருக்குமாம், மூளையில் இருக்கிற மாதிரித் திசுவும் இருக்குமாம். உடம்பின் காவல்படை அதை அந்நியன் என்று பார்த்து அடிக்கக் கிளம்பியது. அதே மாதிரித் திசு மூளையிலும் இருந்ததால் மூளையையும் சேர்த்து அடித்தது. வீட்டுக்குள் புகுந்த திருடனைத் துரத்தியவர்கள், அதே கலர் சட்டை போட்ட வீட்டுக்காரனையும் போட்டு வெளுத்த கதைதான். அவள் எங்களை அடித்த நேரமெல்லாம் உள்ளே அவள் உடம்பே அவளை அடித்துக்கொண்டிருந்தது.

"கொஞ்ச வருஷம் முன்னாடி வந்திருந்தா நாங்களும் பைத்தியம்னுதான் சொல்லியிருப்போம்" என்றார் டாக்டரம்மா. இப்படிப்பட்ட நோயாளிகளின் முதுகு நீரை எலி மூளையின் சீவல்கள் மேல் விட்டு, அது எங்கே போய் ஒட்டுகிறது என்று யாரோ பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அப்படித்தான் இது பிடிபட்டதாம். அதற்கு முன்னால் எத்தனை பெண்களைக் கட்டிவைத்து, அடித்து, அறையில் பூட்டிச் சாகவிட்டிருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஆனால் கோபம் வந்தது.

வைத்தியமும் லேசுப்பட்டதாக இல்லை. கழுத்தில் குழாய் போட்டு ரத்தத்தை வெளியே எடுத்து, தவறாக அடிக்கிற சரக்கையெல்லாம் அதிலிருந்து பிரித்துவிட்டு, மறுபடி உள்ளே விட்டார்கள். வயிற்றைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். காவல்படையை அடக்கிவைக்க மருந்து ஏற்றினார்கள். நடுநடுவே வலிப்பு. நடுநடுவே காலைத் தூக்கி உதைப்பாள். மணிக்கட்டில் கட்டின இடமெல்லாம் தோல் உரிந்திருந்தது. மாதக்கணக்கில் இப்படியே போனது. ஒருநாள் நான் அவள் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது கண்ணால் என் மேல்கையைத் தேடினாள்.

"அக்கா, கையில என்ன காயம்?"

"கத்தி வழுக்கிடுச்சுடி" என்றேன். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வராந்தாவுக்குப் போய் அழுது தீர்த்தேன்.

நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. பிற்பாடு நான்தான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். என்னைக் குத்தியதைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. சட்டிக் கதையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். நிஜமாவே பல்லு போச்சாக்கா என்று கேட்டுவிட்டுக் கையை விரித்துப் பார்த்துக்கொள்வாள்.

அவள் நோயாகக் கிடந்தபோது புருஷன் பெட்டிப்பாம்பாக இருந்தான். டாக்டரம்மா சொன்ன விளக்கம் அவனுக்குத்தான் பெரிய மருந்து. டீக்கடையில், ஆலை வாசலில், தெருவில், அடிச்சது அவ இல்ல, வியாதி, டாக்டரே சொல்லிட்டாங்க என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். போன மானம் திரும்பிவிட்டது. அவள் வேலைக்குத் திரும்பிக் கொஞ்ச நாளில் அவனுக்குப் பழைய தைரியமும் வந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் அறைகிற சத்தம் கேட்டு ஓடினேன். கதவு திறந்தே இருந்தது. பெண் மூலையில் ஒடுங்கி நின்றது. அவன் ஒரு கையால் அவள் முடியைப் பிடித்துக்கொண்டு மறுகையை இரண்டாவது அறைக்கு ஓங்கினான். அவள் அந்தக் கையை வழியிலேயே பிடித்தாள். கட்டைவிரல் மணிக்கட்டில் ஊர்ந்தது. இடம் கிடைத்ததும் ஒரு திருகு. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். அவன் அலறிக்கொண்டு மண்டி போட்டான். அவள் கையை விட்டுவிட்டு நகர்ந்து நின்றாள். முகம் அமைதியாகத்தான் இருந்தது.

"திரும்ப வந்துடுச்சு, வியாதி திரும்ப வந்துடுச்சு" என்று அவன் தெருவைக் கூட்டினான். அன்றைக்குக் கை தட்டிய பெண்கள் இன்றைக்குக் கதவைச் சாத்தினார்கள். பொய் சொல்வானேன், எனக்கும் பயம் வந்தது. இந்த நோய் சிலருக்குத் திரும்பி வரும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். கையிலிருந்த தழும்பு தானாக அரித்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றதும் அவளே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவன் கையைத் துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு முன்னாலேயே போய், இந்தத் தடவை விடுதியில் போட்டே ஆகவேண்டும், பெண்ணை அண்ணன் வீட்டில் விட்டுவிடப் போகிறேன் என்று டாக்டரம்மாவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தான். அவர் அவளிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார், எண்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார், ரத்தம் எடுத்தார், மறுபடியும் முதுகில் ஊசி போட்டார். முடிவு வரும்வரை அவளை வார்டில் வைத்துக்கொண்டார்கள். பெண் என் வீட்டில் படுத்துக்கொண்டு, அம்மா திரும்பி வருவாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

முடிவு வந்த அன்றைக்கு டாக்டரம்மாவின் அறையில் எல்லாரும் இருந்தோம். அவன் கையில் மாவுக்கட்டு.

"வியாதி திரும்பல. சோதனையில ஒண்ணுமே இல்ல. நல்லா இருக்காங்க" என்றார் டாக்டரம்மா.

"அப்ப என் கைய ஒடிச்சது?"

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவனை என்னங்க என்பதைத் தாண்டிக் கூப்பிடாதவள், நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தாள்.

"கேட்டுக்கிட்டியா? போன தடவ அடிச்சது வியாதி. இந்தத் தடவ நான்."

பிறகு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கக்கா, பஸ் போயிடும்" என்றாள்.