ஐந்து பல்ப் எரியாத லாம்ப்

நான்கு வருஷம் வேலை பார்த்த பியூட்டி பார்லரிலிருந்து என்னை வெளியே அனுப்பிய நேரத்தில் ஒரு வாடிக்கையாளரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று விரலுக்குத்தான் பாலிஷுக்கு அடிப்பூச்சான பேஸ் கோட் போட்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். முந்தின வாரம் தன் நிச்சயதார்த்தத்துக்காக என்னிடம் ஜெல் பாலிஷ் போட்டுக்கொண்டு போனவள். அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. மாதம் தவறாமல் வருவாள். வந்தவள் பத்து விரலையும் விரித்து முதலாளியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். நகத்தைச் சுற்றித் தோல் சிவந்து பொடிப்பொடியாகக் கொப்பளித்திருந்தது. இரண்டு விரலில் நகமே ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது.

"மோதிரம் ஏறல," என்றாள். "மேடையில, அத்தனை பேர் முன்னால, விரல் வீங்கி மோதிரம் ஏறல. கடைசியில சுண்டு விரல்ல போட்டாங்க. போட்டோ எல்லாத்திலயும் அப்படித்தான் இருக்கு."

அவள் பேசியது மலையாளம். பார்லரில் எல்லாரும் மலையாளம்தான் பேசுவோம், நானும்தான்.

முதலாளியை நாங்கள் சேச்சி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம்; அவர் எங்களை மோளே, மகளே என்பார். சேச்சி அந்த விரல்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். காரணம் என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஜெல் பாலிஷ் காற்றில் காயாது. ஒவ்வொரு பூச்சுக்கும் கையை லாம்புக்குள் வைத்து ஒரு நிமிஷம் காட்டினால்தான் இறுகும். எங்கள் லாம்பில் மொத்தம் பன்னிரண்டு பல்ப், அதில் ஐந்து எரியாது. மேலே காய்ந்த மாதிரி பளபளக்கும், அடியில் பச்சையாகவே கிடக்கும். அந்தப் பச்சை ஜெல் தோலில் பட்டுப் பட்டு, ஒருநாள் தோல் பொங்கிவிடும். இதை நான் சேச்சியிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன். முதல் தடவை "பார்க்கலாம் மோளே" என்றார். அடுத்த தடவை, "ரெண்டு நிமிஷம் வச்சாப் போச்சு." மூன்றாம் தடவை லாம்பின் மூடி விரிசல் விட்டிருந்தது, அதற்கு மட்டும் ஒரு பிரவுன் டேப் ஒட்டிக்கொடுத்தார்.

இப்போது சொன்னார்: "இவ கை கழுவ மாட்டா. எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாச்சு. பாண்டிப் பெண்ணை வேலைக்கு வச்சா இப்படித்தான், கேட்டோ."

தமிழ்க்காரர்களை இளக்காரமாகச் சொல்ல இந்த ஊரில் இருக்கும் சொல் அது. பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில் காதில் விழுந்திருக்கிறது. என் கையில் சோறு வாங்கித் தின்றவர் வாயிலிருந்து கேட்டது அன்றுதான். ஆமாம், தினமும் என் டிபன் பாக்ஸிலிருந்து புளியோதரையோ எலுமிச்சைச் சாதமோ ஒரு கை எடுக்காமல் சேச்சி சாப்பிட்டதில்லை. நான் பிறந்தது இந்த ஊர், படித்தது மலையாளத்தில். அது எதுவும் அந்த நிமிஷம் உதவவில்லை.

"மன்னிப்புக் கேளு," என்றார்.

நான் கேட்டேன். லாம்பைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமே என்று பயந்து, செய்யாத தப்புக்குக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். கேட்டு முடித்ததும், "நாளைக்கு வர வேண்டாம்" என்று வேலையையும் பறித்துவிட்டார்.

எங்கள் வீடு ஆரியசாலையில், மிளகாய் வத்தல் மொத்தக்கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறை. அம்மாவும் நானும்தான். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். "அழுதிருட்டி, மனசு ஆறும்," என்றாள் அம்மா. எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கடையை எப்படி ஈயடிக்க வைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிழைப்புக்காக வீட்டில் தொழில் தொடங்கினேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை.

முதலில் வாங்கியது லாம்ப். கடையிலேயே பிளக்கில் மாட்டச் சொல்லி எல்லா பல்பும் எரிகிறதா என்று எண்ணிப் பார்த்தேன். அப்புறம் அரம், நகத்தை வழவழப்பாக்கும் பஃப்பர், நல்ல கம்பெனி பேஸ் கோட், ஆறே ஆறு கலர். ஜன்னலோரம் அம்மாவின் தையல் மேஜையைப் போட்டேன். ஆனால் கீழே மூட்டை பிரித்தால் வத்தல் நெடி மேலே ஏறும். வருகிறவர்கள் தும்மினால் தூரிகை கோடு விலகிவிடும். அதனால் மேஜையை உள்ளறைக்கு மாற்றி, கதவடியில் துணி சுருட்டி வைத்தேன்.

ஆள் வேண்டுமே? வாடிக்கையாளர்களின் போன் நம்பரெல்லாம் பார்லரில் இருந்தது. பாதிப் பேரின் பெயர்கூட எனக்கு நினைவில்லை. ஆனால் கைகளைத் தெரியும். எவருக்குக் கட்டைவிரல் நகம் அகலம், எவர் ஆட்காட்டி விரலைக் கடிப்பார், எவருக்கு எந்த விரலில் கத்திக் காயத் தழும்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒருநாள் சாலைக் கடைத்தெருவில் மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் மருந்துச் சீட்டை நீட்டிய கையைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

"மேடம், மோதிர விரல்ல ஜெல் ஓரத்துல தூக்கியிருக்கு. பிச்சு எடுத்திராதீங்க, நகம் சேர்ந்து உரிஞ்சு வரும்."

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார், வங்கியில் வேலை பார்ப்பவர். "நீ எங்க போய்ட்டே? ஊருக்குப் போயிட்டதா அங்க சொன்னாங்களே!"

மறுநாளே வீட்டுக்கு வந்தார். பஞ்சை அசிட்டோனில் நனைத்து ஒவ்வொரு நகத்திலும் வைத்து, ஃபாயில் சுற்றி, கால் மணி நேரம் பொறுத்துப் பழைய ஜெல்லை எடுத்தேன். அடியில் அது கொழகொழவென்று இருந்தது. அதை ஒரு டிஷ்யூவில் வழித்து அவருக்குக் காட்டினேன். காட்டாமலும் துடைத்திருக்கலாம். வேண்டுமென்றேதான் காட்டினேன். அவர் தன் அலுவலகத்திலிருந்து இரண்டு பேரை அழைத்து வந்தார். கிழக்கேகோட்டை அக்கிரகாரத்திலிருந்து ஒரு மாமி மகளோடு வந்தார். சில மாதத்தில் சேச்சியிடம் நகத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் எங்கள் மாடிப்படி ஏறிவிட்டார்கள். ஒவ்வொருவர் வந்து உட்காரும்போதும், பார்லரில் ஒரு நாற்காலி காலியாகக் கிடப்பதை மனதுக்குள் பார்த்துச் சந்தோஷப்படுவேன்.

ஆனாலும் அது போதவில்லை. கூப்பிய கை கூப்பியபடியே எனக்குள் நின்றது. அந்த நிச்சயப் பெண் இன்னும் என்னைத்தான் கை கழுவாதவள் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். வங்கி அம்மாவுக்கு அவளைத் தெரிந்திருந்தது. எந்த அலுவலகம் என்று கேட்டு, மதியச் சாப்பாட்டு வேளையில் நேரே போய் நின்றேன்.

வராந்தாவில் நின்று லாம்ப் கதை முழுவதையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். விரல்கள் ஆறியிருந்தன. நகங்களில் எதுவும் பூசவில்லை.

"லாம்ப் சரியில்லன்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும். மூணு தடவை சொன்னேன்."

"அவங்ககிட்ட சொன்னே. எங்கிட்டச் சொன்னியா? தெரிஞ்சேதானே என் கையைப் பிடிச்சு அதுக்குள்ள வச்சே?"

அந்த மன்னிப்பைக் கேட்க வேண்டியவள் நான்தான் என்று ஒரு கணம் தோன்றியது. இந்த முறை யாரும் சொல்லாமலே கேட்டேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், போ என்றும் எடுத்துக்கொள்ளலாம். நான் திரும்பி நடக்கத் தொடங்கியபோது பின்னாலிருந்து கேட்டாள்: "அந்த லாம்ப் இன்னும் அங்கயே இருக்கா?"

சனிக்கிழமை காலை, கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, இருவரும் பார்லருக்குப் போனோம். கிளம்பும்போது அம்மா, "சண்டை போடவா போற?" என்று கேட்டாள். "நகம் பண்ணிக்கப் போறேன்," என்றேன்.

நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். நகம் செய்ய வேறு ஆள் சேரவில்லை, சேச்சியேதான் செய்துகொண்டிருந்தார். நான் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் துண்டின் மேல் வைத்தேன். சேச்சிக்கு முகம் வெளுத்தது. ஆனால் எல்லாரும் பார்க்கிறார்களே.

"எந்த கலர்?" என்றார்.

"சிவப்பு."

நான்கு வருஷம் நான் குனிந்து உட்கார்ந்திருந்த முக்காலியில் அவர் குனிந்து உட்கார்ந்தார். என் நகத்தை அரத்தால் தேய்த்தார், பேஸ் கோட் போட்டு லாம்பில் காட்டினார், மேலே சிவப்பைப் பூசினார். பாலிஷ் என் தோலில் வழிந்தது. அவசரமில்லாமல் அவர் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நிமிஷம் என் வாழ்க்கையிலேயே மிக இனிமையான நேரங்களில் ஒன்று. அப்படிச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் பொய்யில்லை.

மறுபடி லாம்பை இழுத்தார். அதே லாம்ப், அதே பிரவுன் டேப். சிவப்புப் பூசிய கையை அதற்குள் வைத்தேன். ஒரு நிமிஷம் ஆனதும் எடுத்து, காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பி, மற்றக் கையின் விரலால் நகத்தை ஒரு இழுப்பு இழுத்தேன். வெண்ணெய் மாதிரி வழிந்து வந்தது.

"உள்ள எட்டிப் பாருங்க," என்றேன். "பன்னெண்டு பல்ப். எத்தனை எரியுதுன்னு நீங்களே எண்ணுங்க."

ஒரு பெண் எழுந்து வந்து குனிந்து பார்த்து, "ஏழு," என்றாள்.

என்னோடு வந்தவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "என் விரல் பொங்கினதுக்கு இவ கை கழுவாததுதான் காரணம்னு சொன்னீங்களே?"

சேச்சி அவளைப் பார்த்து, "ஸாரி மோளே, நான் கவனிக்கல," என்றார்.

"அவங்ககிட்ட மட்டும் இல்ல," என்றேன் நான். "எங்கிட்டயும். அன்னிக்கு என்னைக் கேக்க வச்ச மாதிரியே."

சேச்சி என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில், "திரும்ப வேலைக்கு வர்றியா?" என்றார். இன்னும் அவருக்குப் புரியவில்லை. அல்லது புரிந்துதான் அப்படிக் கேட்டாரோ என்னவோ.

"இந்த பாண்டிக்கு வேற வேலை இருக்கு," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு எழுந்தேன். எங்களுக்குப் பின்னால் காத்திருந்தவர்களில் மூன்று பேர் இறங்கி வந்தார்கள். ஒருவர் வாசலிலேயே என் வீடு எங்கே என்று கேட்டார்.

படிக்கட்டில் நிச்சயப் பெண்ணிடம், "கல்யாணத்துக்கு நானே போட்டுவிடறேன். என் லாம்ப் சரியா இருக்கு," என்றேன்.

"தோல் டாக்டர் இனிமே ஜெல்லே தொடக் கூடாதுன்னு சொல்லியாச்சு. ஒரு தடவை ஒவ்வாம வந்தா அப்புறம் எப்பவும் ஒத்துக்காதாம்." ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். "சரியா இருந்தாலும் உன்கிட்ட வர மாட்டேன். கோவிச்சுக்காதே." கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அதை நான் எதிர்பார்த்திருக்கவும் கூடாது.

கடையை மூட வைக்க வேண்டும் என்று நினைத்தேனே, அது நடக்கவில்லை. நகப் பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் முடி ஸ்ட்ரெய்ட்டனிங் வைத்திருப்பதாக மாமி சொன்னார். நன்றாகவே ஓடுகிறதாம். கேட்டபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

போன மாதம் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினேன். சேச்சி இருந்தார். பக்கத்து இடம் காலி. என்னைப் பார்த்ததும் மடியில் இருந்த பையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்து, "இரிக்கு மோளே," என்று இருக்கையைத் தட்டினார். குரலில் பழைய வாஞ்சை இருந்தது. அதுகூட உண்மையாக இருக்கலாம். அன்று காலையிலிருந்து எட்டுப் பேருக்கு நகம் செய்து எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலி இருக்கைக்கு நேர் பக்கத்திலேயே, இறங்க வேண்டிய இடம் வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.